அத்தானை உட்கார வைத்து எடுத்த படம்

சத்தியம் தம்பி. என் தலையில் மிச்சமிருக்கிற பதினேழு முடியின் மேல் சத்தியம். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். சத்தமாகவே சொல்கிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் என்னைப் பையோடு இறக்கிவிடுங்கள். முப்பத்தோரு வருஷம் இதே ரூட்டில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆவுடையப்பன் என்றால் மானூர் வரைக்கும் ஆடுமாடுகூட வழிவிடும். நான் விசில் கொடுத்தால் எதிரே வருகிற லாரியும் நிற்கும். அதை விடுங்கள், அது வேறு கதை.

மடியில் இருப்பது கேமராப் பைதானே? ஏறும்போதே பார்த்துவிட்டேன். அதனால்தான் ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும் தம்பி. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆக வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என் தங்கச்சி பகவதி ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கொழுந்தன், மச்சினன், பங்காளி என்று அத்தனை பேரும் அவளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நான் எங்கேயாவது போய்விடுவேன். அவள் எங்கே போவாள்?

சொல்கிறேன், முதலிலிருந்து சொல்கிறேன்.

பகவதி புருஷன் ஆறுமுகநயினார். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் எனக்கு அத்தான். பஞ்சாலையில் மேஸ்திரி. நான் பார்த்து முடித்த மாப்பிள்ளை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சிரிக்கிற பழக்கமும் கிடையாது. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் ரேடியோ தானாக வாயை மூடிக்கொள்ளும். பகவதி அடுக்களையில் ஏதாவது பாடிக்கொண்டிருந்தால் அவர் செருப்புச் சத்தத்தில் பாட்டு பாதி வரியோடு நின்றுவிடும். கட்டுப்பாடான குடும்பம் தம்பி. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாதிரி மாப்பிள்ளை கிடைக்க நான் எத்தனை ஊர் அலைந்தேன் தெரியுமா?

அத்தானுக்குப் படம் எடுத்தால் ஆகாது. ஒரே மகள் செண்பகம் கல்யாணத்தில் எண்ணூறு படம் எடுத்தார்கள். தாலி கட்டுகிற படத்தில் பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு காது தெரியும். அது அத்தான் காது. அவ்வளவுதான். வாக்காளர் அட்டையில் ஒரு முகம் இருக்கிறது. அதை எந்த வீட்டுக்குக் கொடுத்தாலும் எங்கள் தாத்தா என்று வாங்கிக்கொள்வார்கள்.

செண்பகம் மஸ்கட்டில் இருக்கிறாள். அவள்தான் எனக்கு அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவை அனுப்பினாள், சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி. “மாமா, அப்பாவை எப்படியாவது ஒரு படம் எடுத்துருங்க” என்றாள். நானும் எடுக்கலாம், எடுக்கலாம் என்று இருந்தேன். மூன்று வருஷம் முந்தி, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே தொட்டியில் சாய்ந்துவிட்டார்.

செண்பகத்துக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் அவள் அழவே இல்லை தம்பி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, அப்பாவை உட்கார வச்சு எடுங்க. அம்மா பக்கத்துல நிக்கட்டும். என் பிள்ளைக்குக் காட்ட எங்கிட்ட அப்பா முகமே இல்ல மாமா.” நான் சொன்னேன், “மாமா இருக்கேன்லா. நீ நிம்மதியா படு.”

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நீர்மாலை என்று குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இறந்தவரை நாற்காலியில் உட்கார வைப்போம். குடும்பம் சுற்றி நிற்கும். ஒரு படம். அதற்குப் பிறகுதான் பாடையில் ஏற்றுவது. டவுனில் ஸ்டூடியோவுக்கு ஆள் போய்விட்டு வந்து சொன்னான், கடையில் பூட்டு. அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். கேமரா வைத்திருந்த அத்தனை பேரும் கல்யாண வீட்டில். எங்கள் ஊரில் அப்போது இருந்த செல்போன்கள் டார்ச் அடிக்கும், படம் எடுக்காது. ஆக, நான்தான். நான்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேனே, கேமராவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஜப்பான்காரனுக்கும் தெரியாது என்று.

போய்க் கேமராவை எடுத்தேன். எங்கிருந்து? அரிசிப் பானையிலிருந்து. சிரிக்காதீர்கள். ஈரம் பட்டால் கேமரா கெட்டுப்போகும் என்று செண்பகம் சொல்லியிருந்தாள். ஒரு வீட்டில் ஈரமே அண்டாத இடம் எது? அரிசிப் பானை. பதினோரு மாதம் பத்திரமாக இருந்தது.

பொத்தானை அழுத்தினேன். உயிர் இல்லை.

செல் தீர்ந்திருக்கும் என்று பெட்டிக்கடையில் புதுச் செல் ரெண்டு வாங்கிப் போட்டேன். ஒரு தரம் கண்ணைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் ரெண்டு வருஷம் ஓடுகிற செல் தம்பி, இதில் ரெண்டு நிமிஷம் நிற்கவில்லை. டார்ச் லைட் செல்லை வெயிலில் வைப்போமே, அதுபோல ஓட்டு மேலே வைத்தேன். உள்ளங்கையில் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கே அத்தானைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எஸ்தர் சிஸ்டர் வந்தார், எங்கள் கிராமத்து நர்ஸ். துக்கம் கேட்க வந்தவர் என் கையைப் பார்த்தார். “அண்ணாச்சி, இதுக்குக் கடிகாரச் செல் தாங்காது, வலுவான செல் வேணும்” என்று தன் பையைத் திறந்து ரத்தக்கொதிப்புப் பார்க்கிற மெஷினிலிருந்து ரெண்டு செல்லைக் கழற்றிக் கொடுத்தார். “இதுவும் தீரப்போற செல்தான். சீக்கிரம் எடுங்க.”

உயிர் வந்தது! லென்ஸ் வெளியே வந்தது, பாதி வந்தது, கிர்ர் என்றது, நின்றுவிட்டது. திரும்ப உள்ளே போனது. வந்தது, கிர்ர். ஆமை மாதிரி. திரையில் இங்கிலீஷில் ஏதோ திட்டியது.

சிஸ்டர் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, இடுக்கு பூராவும் தவிடா இருக்கு?”

“மஸ்கட்டுல மணல் ஜாஸ்தி சிஸ்டர்” என்றேன்.

ஊதி எடுக்க வேண்டும், ஆனால் எச்சில் படக்கூடாது என்றார். நான் ஊதினேன், பகவதியின் பக்கத்து வீட்டுக்காரி ஊதினாள், ஒன்றும் அசையவில்லை. வாசலில் சங்கு ஊதுகிற கந்தையா நின்றுகொண்டிருந்தார். தம்பி, அவர் நெஞ்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் ஒரு தரம் இழுத்து ஊதினால் பக்கத்து ஊரில் சாகக் கிடக்கிறவன் பயந்துபோய் எழுந்து கஞ்சி கேட்பான். “கந்தையாண்ணே, இதுல ஒரு ஊது” என்றேன். அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுக்கும் நானா?” என்றார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஒரே ஊது. தவிடு புகை மாதிரிப் பறந்தது, உள்ளேயிருந்து ஒரு முழு அரிசி வந்து விழுந்தது. சத்தியம் என்றேனே.

லென்ஸ் முழுசாக வெளியே வந்துவிட்டது.

ஓடிப் போனேன். முற்றத்தில் அத்தான் நாற்காலியில் இருந்தார். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி. பக்கத்தில் பகவதி, அந்தப் பக்கம் அத்தானின் அண்ணன் நல்லபெருமாள். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். நான் கேமராவைத் தூக்கினேன். திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது.

“ஏவே ஆவுடை,” என்றார் நல்லபெருமாள், “படம் புடிக்கியா, இல்ல அந்தப் பெட்டிக்கும் சேத்து ஒரு பாடை கட்டச் சொல்லட்டா?”

என் கூடவே வந்த சிஸ்டர் கேமராவோடு வந்த புத்தகத்தை விரித்தார். கடைசிப் பக்கங்களில் என்ன கோளாறு வந்தால் என்ன செய்வது என்று போட்டிருக்குமாம். கேமராவுக்குள் நகம் அளவில் ஒரு கார்டு இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு தாழ்ப்பாள். அதைத் தள்ளிவிட்டால் புதுப் படம் ஏறாது. யாரோ தள்ளியிருக்கிறார்கள். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைத்த எவனோ ஒரு கூறுகெட்டவன். சிஸ்டர் நகத்தால் திறந்துவிட்டார்.

மறுபடி தூக்கினேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். பொத்தானை அழுத்தினேன்.

படம் எடுக்கிற அந்தப் பொத்தான் அழுந்தவில்லை.

அழுத்தினேன். ரெண்டு பெருவிரலையும் வைத்து அழுத்தினேன். கல்லு மாதிரி இருந்தது. சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, “பொத்தானைச் சுத்திப் பசை போட்டிருக்கே அண்ணாச்சி” என்றார். முந்தின வருஷம் அந்தப் பொத்தான் மூடி கழன்று வந்தது உண்மை. நான் செருப்புக்கு ஒட்டுகிற பசை வாங்கியதும் உண்மை. அதற்கும் இதற்கும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்? அவர்களெல்லாம் அப்படித்தான்.

தம்பி, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். திரையில் செல் தீருகிறது என்று சிவப்பாக ஒன்று மினுக்கு மினுக்கு என்கிறது. வெயில் ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டது. நாற்காலியில் அத்தான் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பிக்கிறார், பகவதி தோளில் கைவைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். பாடைக்குக் கடைசிக் கயிறு கட்டுகிறார்கள். மஸ்கட்டில் ஒருத்தி மல்லாந்து படுத்துக்கொண்டு மாமா எடுத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வியர்த்து, வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. ஓடுகிற பஸ்ஸில் பிரசவம் பார்த்திருக்கிறேன், அதுவும் ரெட்டைப் பிள்ளை. அப்போதுகூட யாரையும் இப்படிக் கெஞ்சியதில்லை.

“சிஸ்டர், ஏதாவது வழி போட்டிருக்கா பாருங்க. உங்களைக் கும்பிடுதேன்.”

அவர் பக்கத்தைத் திருப்பினார், திருப்பினார். “ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. பொத்தானைத் தொடாமலே எடுக்கும்.”

“சொல்லுங்க!”

“வேண்டாம். அது சரிப்படாது.”

“சொல்லுங்க சிஸ்டர், உசிரு போகுது!”

சரியாக அந்த நேரம் பார்த்துக் கொட்டுக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். முற்றம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் சிஸ்டர் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

“படத்துல இருக்கிறவங்க யாராச்சும் சிரிச்சா அதுவே எடுத்துக்கிடும்.”

நல்லபெருமாள் முகம் கறுத்துவிட்டது. சிஸ்டர் கேமரா மேலே இருந்த சின்னச் சக்கரத்தைச் சிரிப்பு முகம் போட்ட இடத்துக்குத் திருப்பி என் கையில் கொடுத்தார். திரையில் அத்தான் முகத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கட்டம். அவர் சிரிப்பதற்காக அது காத்துக்கொண்டிருந்தது தம்பி. கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்திரண்டு வருஷம் நாங்கள் எல்லாரும் காத்திருந்தது தெரியாமல்.

நான் நல்லபெருமாள் காதருகே போய், “பெரியத்தான், ஒரு நொடி, லேசா பல்லு தெரிஞ்சாப் போதும்” என்றேன்.

“என் தம்பி செத்துக் கெடக்கான், என்னை இளிக்கச் சொல்லுதியா? செருப்பு பிஞ்சிரும்!”

அவரை விட்டேன். வேறு யாரைக் கேட்பது? சாவு வீட்டில் பல்லைக் காட்டியவன் என்று ஏழு தலைமுறைக்குப் பேர் நிற்கும். அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். கேமராவைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு அத்தானின் உதட்டோரம் ரெண்டு பக்கமும் விரலை வைத்து மேலே தள்ளினேன். கூட்டம் ஐயோ என்றது. “அண்ணே, விடுங்க,” என்றாள் பகவதி மெதுவாக. “அவுகளுக்குப் புடிக்காது.”

எனக்கு எங்கிருந்து அழுகை வந்ததோ தெரியவில்லை. கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு அத்தானுக்கு நேராக மண்டி போட்டேன். ஊரே பார்க்க, செத்த மனுஷனிடம் சண்டை போட்டேன்.

“அத்தான், உங்களுக்கு ஒரே மக. கல்யாணத்துல சிரிக்கல. அவ பொறந்தப்பவும் சிரிக்கல. நான் பாயச வாளியோட வழுக்கி விழுந்தப்போ பந்தலே சிரிச்சுது, நீங்க மட்டும் ‘பாயசம் வீணாப்போச்சே’ன்னீங்க. இப்பவாவது சிரிச்சுத் தொலைங்க! இனிமே உங்களை யாரு என்ன சொல்லப்போறா? ஒரு நொடி சிரிங்க அத்தான், அப்புறம் பழையபடி முறைச்சுக்கிடுங்க. பாடையில ஏறுறவரைக்கும் முறைங்க, சுடுகாடு வரைக்கும் முறைங்க, எமனையே முறைங்க, அவன் பயந்து உங்களைத் திருப்பி விட்டாலும் விடுவான். ஐயையோ, வேண்டாம் அத்தான், திரும்பி மட்டும் வந்துராதீங்க!”

பளிச்.

வெளிச்சம் அடித்தது. படம் ஏறிவிட்டது.

மூன்று நொடி திரையில் நின்றது. நானும் சிஸ்டரும் மட்டும் பார்த்தோம். நாற்காலியில் அத்தான், வழக்கமான முறைப்போடு. பக்கத்தில் அவர் தோளில் கைவைத்தபடி பகவதி. தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு தம்பி. அழுகைக்கு நடுவில் தப்பி வந்த சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கன்னத்தில் குழி விழ, கண் இடுங்கி, அப்படி ஒரு சிரிப்பு. பிறகு செல் தீர்ந்து திரை கறுத்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

“யாருலே சிரிச்சது?” என்றார் நல்லபெருமாள். அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போனது. பகவதி பக்கம் வந்தது. அங்கே நின்றது.

புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவள். அந்தப் பேர் விழுந்தால் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்குமா? நான் யோசிக்கவில்லை. நான் எப்போது யோசித்தேன்? கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினேன்.

“அத்தான் சிரிச்சாரு! நான் என் கண்ணால பார்த்தேன்! அத்தான் சிரிச்சுட்டாரு!”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். கழுத்துச் சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். “ஆமா,” என்றார். “நானும் பார்த்தேன்.”

ஒரு கிழவி குலவை போட்டாள். நல்லபெருமாள் தம்பி காலைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக அழுதார்.

படத்தைச் செண்பகத்துக்கு அனுப்பினேன். டவுனில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அத்தான் முகத்தை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னேன். அவள் போன் பண்ணினாள். “மாமா, அப்பா தோள்ல வளையல் போட்ட கை ஒண்ணு இருக்கே. அம்மா எங்க?” என்றாள். “இன்டர்நெட் மெதுவா இருந்துச்சும்மா, பாதிதான் வந்துச்சு” என்றேன். நம்பினாளோ என்னவோ.

பகவதி ஒரே ஒரு தரம் என் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கேட்டாள். அழித்துவிடச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வலுவான புதுச் செல் போட்டுக் கொடுத்தேன். செல் சூடாகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “அண்ணே, எனக்குக் கன்னத்துல குழி விழுமா?”

என் பேச்சுக்கு அப்படி ஒரு சக்தி தம்பி. கல்லையும் சிரிக்க வைத்துவிடுவேன். அதைத்தான் அவளிடமும் சொன்னேன், “என் பேச்சைக் கேட்டுத்தானே சிரிச்ச?” என்று. அவள் என்னைப் பார்த்தாள். “ஆமாண்ணே” என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செத்தபின் சிரித்த மனுஷன் என்று அத்தான் பேர் சுற்றுப்பட்டி எல்லாம் பரவிவிட்டது. நான்தான் பரப்பினேன், கொஞ்சம் கூடவே பரப்பிவிட்டேன். நல்லபெருமாள் வயல் ஓரத்தில் தம்பிக்கு ஒரு சின்ன மண்டபமே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை திறப்பு. அந்தச் சிரித்த படத்தைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு வைக்க வேண்டுமாம். மூன்று வருஷமாக ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளிவிட்டேன், இனி முடியாது. நேற்று வந்து, “படம் வரலைன்னா அன்னைக்குச் சிரிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார். சொல்லிவிட்டுப் பகவதி வீட்டுப் பக்கம் பார்த்தார்.

இதோ, கார்டு. உங்களால் முடியுமா தம்பி? அத்தான் உதட்டைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் மேலே தூக்கிவிட முடியுமா?

என்ன? அவர் சிரித்த வேறு படம் வேண்டுமா? அதற்கு நான் எங்கே போவேன்? வேறு யாருடைய சிரிப்பையாவது எடுத்து ஒட்டலாமா? இதே படத்தில் இருக்கிறதையா? பகவதியுடையதை எடுத்து அவர் வாயில் வைக்கலாம் என்கிறீர்கள். வெளிச்சமும் ஒன்றுபோல இருக்கும் என்கிறீர்கள்.

…

வேண்டாம் தம்பி.

வேண்டாம். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம். அதையும் எடுத்து அவருக்கே கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு தரம் நான் அவளையே அவருக்கு எடுத்துக் கொடுத்தது போதும்.

இப்படிச் செய்யுங்கள். படத்தில் நாற்காலி இருக்கட்டும். அத்தானை மட்டும் எடுத்துவிடுங்கள். சுற்றி நிற்கிறவர்களையும் எடுத்துவிடுங்கள். முற்றம், வெயில், வெறும் நாற்காலி. அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோய் நல்லபெருமாள் முன்னால் வைத்து, சிரித்துவிட்டுப் படத்திலிருந்தே எழுந்து போய்விட்டார் என்று சொல்லுவேன். நம்புவார். ஊரே நம்பும். இதைவிடப் பெரியதையெல்லாம் நம்பியிருக்கிறார்கள்.

இன்னொரு படம் போடுங்கள். அதில் பகவதி மட்டும். பெரிதாகப் போடுங்கள். அது மண்டபத்துக்கு இல்லை, மஸ்கட்டுக்கு.

மானூர் வந்துவிட்டது. எஸ்தர் சிஸ்டர் இப்போது இங்கேதான் இருக்கிறார், ஒரு எட்டு பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். கார்டு உங்களிடம் இருக்கட்டும். சாயங்காலம் ஜங்ஷனில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று தம்பி, காலைப் பிடித்துக் கேட்கிறேன். யார் சிரித்தது என்று எவன் கேட்டாலும் செத்தவர்தான் என்று சொல்லுங்கள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டால், பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, திருநெல்வேலி வரைக்கும் காலியாகத்தான் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.